கையில் இருப்பதை வைத்துவிட்டு: இல்லறத்தில் மடத்து ஒழுங்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலில் ஞாயிறு தமிழ்த் திருப்பலி முடிந்ததும் கொஞ்ச நேரம் வெளியே நின்று பேசிக்கொண்டிருப்போம். யாராவது ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "அக்கா, வீட்டுலயே மடம் மாதிரி நேரம் வச்சு ஜெபம் பண்றீங்களாமே, அது எப்படி?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அலுவலகத் தோழிகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள். நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம்: ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கணவர், இரண்டு பிள்ளைகள், எண்பது வயதைத் தாண்டிய மாமியார். நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பதினோரு ஆண்டுகளாகப் புனித ஆசீர்வாதப்பரின் (ஆங்கிலத்தில் பெனடிக்ட்) ஒழுங்கை என் வீட்டளவில் கடைப்பிடிக்க முயன்று வருகிறேன்.

மடத்து ஒழுங்கு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஆசீர்வாதப்பர் ஏறத்தாழ 480ஆம் ஆண்டில் இத்தாலியின் நோர்சியாவில் பிறந்தவர். ரோமுக்குப் படிக்கப் போனார். அந்த நகரத்து வாழ்க்கை பிடிக்காமல் சுபியாக்கோ என்ற இடத்தில் ஒரு குகையில் தங்கினார். பிறகு மொந்தே கசினோ மலைமேல் மடம் அமைத்து, அங்கே வாழ்ந்த துறவிகளுக்காக ஓர் ஒழுங்குநூல் எழுதினார். ஒரு முகவுரை, 73 அதிகாரங்கள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன, இன்றும் அதை வைத்துத்தான் அந்தச் சபையின் மடங்கள் நடக்கின்றன.

பெரிய தத்துவ நூல் என்று நினைத்துத்தான் நானும் முதலில் கையில் எடுத்தேன். உள்ளே போனால் எத்தனை மணிக்கு எழுவது, ஆளுக்கு எவ்வளவு ரொட்டி, சமையல் முறை யாருக்கு, நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று வீட்டு விஷயமாகவே இருக்கிறது. ஐந்து பேர் இருக்கும் வீட்டை நடத்துகிறவளுக்கு அதில் ஒவ்வொரு பக்கமும் தெரிந்த பக்கம்தான். 'ஜெபமும் உழைப்பும்' என்ற புகழ்பெற்ற வாசகத்தை அதில் தேடாதீர்கள். பின்னால் வந்தவர்கள் சூட்டிய வாசகம் அது. தன் நூலை, தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கான சின்ன ஒழுங்கு என்றுதான் கடைசி அதிகாரத்தில் அவர் சொல்கிறார்.

எல்லாவற்றையும் துறந்து போனவர்களின் வழி, குடும்பம் நடத்துகிறவர்களுக்கு எதற்கு?

நம் வள்ளுவர் அறத்துப்பாலில் இல்லறத்துக்கு 20 அதிகாரமும் துறவறத்துக்கு 13 அதிகாரமும் ஒதுக்கியிருக்கிறார். இரண்டுமே அறம்தான், இரண்டும் ஒரே பாலுக்குள்தான் வருகின்றன. துறந்தவர்களுக்கு இல்வாழ்வான் துணை என்றும் சொல்லியிருக்கிறார். அந்தத் துணை இரு பக்கமும் போகக்கூடியது என்று நான் நம்புகிறேன். நாம் அவர்களுக்குச் சோறு கொடுக்கலாம், அவர்களிடமிருந்து ஒரு பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

சரி, முதலில் எதிலிருந்து தொடங்குவது?

மணியிலிருந்து.

மடம் என்றதும் எல்லாருக்கும் மௌனம்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கும் அப்படித்தான். மௌனம் வேண்டும் வேண்டும் என்று முதல் வருடம் முழுக்கத் தவித்தேன். இந்த வீட்டில் அது கிடைக்கவே இல்லை. அப்புறம்தான் 43ஆம் அதிகாரத்தை ஒழுங்காகப் படித்தேன். ஜெப நேரத்துக்கான அடையாள ஒலி கேட்டவுடன் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வர வேண்டும் என்கிறது. 5ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: செய்துகொண்டிருந்ததை முடிக்காமலே விட்டுவிட்டு எழ வேண்டும்.

முடிக்காமலே. அந்த ஒரு சொல்லில்தான் நான் நின்றுபோனேன். நம் ஊரில் யாரும் எதையும் முடிக்காமல் விடுவதில்லை. இந்த மின்னஞ்சலை மட்டும் அனுப்பிவிட்டு, இந்தத் துணியை மட்டும் மடித்துவிட்டு, பிள்ளையின் துணைப்பாடக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு என்று ஒவ்வொரு 'மட்டும்' வழியாகவும் நாள் முழுவதும் கரைந்துவிடும். இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் விழும்போது கடவுளும் மிச்சம் இருக்கமாட்டார், கணவரும் மிச்சம் இருக்கமாட்டார்.

அதனால் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். ஒரு நாளில் ஒரே ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வந்ததும் கையில் என்ன இருந்தாலும் வைத்துவிட்டு எழுந்திருங்கள். ஐந்து நிமிடம் போதும். ஒரு திருப்பாடல் சொல்லுங்கள். எந்த வழிபாடும் இல்லாதவர் என்றால் சும்மா உட்காருங்கள். நான் தொடங்கியது மாலை ஏழு மணியில். இப்போது நான்கு நேரம் வைத்திருக்கிறேன்: காலை ஐந்து நாற்பது, மதியம் பன்னிரண்டரை, மாலை ஏழு, இரவு பத்து. நான்காக வளர ஆறு ஆண்டுகள் ஆயின. எடுத்த எடுப்பிலேயே நான்கு வைத்தவர்கள் இரண்டே வாரத்தில் விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் மாதம் ஏழு மணிக்குக் கைப்பேசி மணி அடித்தபோதெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருநாள் வெங்காயம் பாதி நறுக்கியிருந்தேன். கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணில் நீர் வழிய வந்து உட்கார்ந்தேன். ஐந்து நிமிடமும் மனசு அந்த வெங்காயத்திலேயே கிடந்தது. திரும்பிப் போனபோது அது வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. எனக்காகக் காத்திருந்தது. என்னை விட்டால் இந்த வீடு நின்றுவிடும் என்று எத்தனை வருடம் நம்பியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அலுவலகத்தில் பாதியில் விட்டு எழுந்தால் வேலை கெடாதா?

மாதக் கடைசியில் கணக்கை முடிக்கும் மூன்று நாள் எங்கள் பிரிவில் யாரும் தலை நிமிர்வதில்லை. அந்த நாட்களிலும் பன்னிரண்டரைக்கு நான் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்று ஒரு சின்ன ஜெபம் சொல்கிறேன். மூன்று நிமிடம். கழிவறைக்குப் போய் வரும் நேரம்தான் அது. ஒரு தடவைகூட அதனால் கணக்கு தாமதமானதில்லை. திரும்பி வந்ததும் தப்பான எண் கண்ணில் பட்டது பல தடவை நடந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அடுத்தவர் உங்களுக்காகக் காத்திருக்கும் வேலையை நடுவில் விட்டுவிட்டுப் போய் ஜெபம் செய்வது ஒழுங்கில் சேராது. சேவைமுகப்பில் நிற்கிறவர், அறுவைசிகிச்சைக் கூடத்தில் நிற்கிறவர், பேருந்து ஓட்டுகிறவர் கையில் இருப்பதை வைக்க முடியாது. அவர்களுடைய மணி, வேலை மாறும் நேரத்தில் அடிக்கட்டும்.

எனக்கு ஷிப்ட் வேலை. நேரம் ஒவ்வொரு வாரமும் மாறுகிறதே?

கடிகாரத்தைப் பிடிக்காதீர்கள், செயலைப் பிடியுங்கள். வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது ஒன்று, திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது ஒன்று. மடத்திலும் குளிர்காலம், கோடை, தவக்காலம் என்று நேரம் மாறிக்கொண்டேதான் இருந்தது. செருப்பு ஸ்டாண்டில் ஒரு சின்னச் சிலுவைப் படம் ஒட்டி வைத்திருக்கும் தாதி ஒருவரை எனக்குத் தெரியும். நான் வைத்திருக்கும் நான்கு நேரத்தைவிட அவருடைய இரண்டு நேரம் உறுதியானது.

சத்தம் நிறைந்த வீட்டில் மௌனம் எப்படி?

இந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் அடுக்குமாடி வீடுகளில்தான் வாழ்கிறோம். மேல் வீட்டுக் கோலி உருளும் சத்தம், கீழ்த்தளத்தில் கல்யாணம், எதிர்ப்புறம் கட்டுமானம் எல்லாம் கேட்கத்தான் செய்யும். வெளிச்சத்தத்தை நிறுத்துவது நம் கையில் இல்லை. இரவு ஜெபத்துக்குப் பிறகு பேசக்கூடாது என்று ஒழுங்கின் 42ஆம் அதிகாரம் சொல்கிறது. அதை என் வாய்க்கும் விரலுக்கும் மட்டும் எடுத்துக்கொண்டேன். பத்து மணிக்கு மேல் நான் யாரையும் திட்டமாட்டேன், குழுவில் எதுவும் எழுதமாட்டேன். மகனிடம் சொல்ல வேண்டிய கடுமையான வார்த்தைகள் எல்லாம் காலைக்குப் போகும். காலையில் பாதி மறந்துபோயிருக்கும்.

கீழ்ப்படிதல் என்கிறார்களே, நாங்கள் யாருக்குக் கீழ்ப்படிவது?

இந்தக் கேள்வியைப் பெண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள், கொஞ்சம் பயத்தோடு கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அடிக்கிற கணவருக்கோ உறிஞ்சுகிற முதலாளிக்கோ பணிந்து போவதற்கு இந்த நூலைத் துணைக்கு அழைக்க யாருக்கும் உரிமை இல்லை. அப்படிச் சொல்லும் ஆளிடமிருந்து விலகி நில்லுங்கள்.

ஒழுங்குநூலின் முதல் சொல்லே 'கேள்' என்பதுதான். லத்தீன் மொழியில் கீழ்ப்படிதல் என்ற சொல் காதுகொடுத்தல் என்ற வேரிலிருந்து வருகிறதாம். நமக்கு அந்த விளக்கம் தேவையே இல்லை. "பையன் சொன்ன பேச்சைக் கேட்கிறானா?" என்று நாம் எல்லாரும் கேட்கிறோம், கேட்பது என்றாலே நம் மொழியில் கீழ்ப்படிவதும்தான்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுப்பவர் என் மாமியார். அத்தைக்கு நான்கு வருடமாக ஞாபகமறதி நோய். மாலை நேரம் வந்தால் தான் திருச்சியில் இருப்பதாக நினைத்துக்கொள்வார். "ஏம்மா, மலைக்கோட்டை வண்டி எத்தன மணிக்கு?" என்று கேட்பார். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் கேட்பார். ஒரு மாலையில் இருபது தடவை கேட்ட நாளும் உண்டு. ஆரம்பத்தில், "அத்தை, நாம சிங்கப்பூர்ல இருக்கோம், வண்டி கிண்டி ஒண்ணும் இல்ல" என்று திருத்திக்கொண்டே இருந்தேன். அவர் முகம் வாடிவிடும். முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொள்வார்.

ஒருநாள் துணி உலர்த்தும் கம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "யாரப் பாக்கப் போறீங்க அத்தை?" என்று கேட்டேன். தன் அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா செய்யும் கடலை உருண்டை, பாலக்கரைத் தெரு, மாதா தேர் வரும் ராத்திரி. பத்து நிமிடம் பேசியிருப்பார். அதற்குப் பிறகு அன்றைக்கு வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. மறுநாள் கேட்டார். நானும் மறுபடி கம்பைக் கீழே வைத்தேன். எல்லா நாளும் வைக்கிறேன் என்று சொல்லமாட்டேன்.

முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒழுங்கைத் தளர்த்தச் சொல்லி 37ஆம் அதிகாரம் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறது. அத்தைக்கு மாலை ஐந்தரைக்கே இட்லி கொடுப்பது அந்த அதிகாரத்தைப் படித்த பிறகுதான்.

கைப்பேசியை என்ன செய்வது?

நாலாம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி, மனதைக் கெடுக்கும் எட்டு எண்ணங்களைப் பட்டியலிட்டார். அதில் ஒன்று நண்பகல் பேய். குடிசையில் தனியாக இருக்கும் துறவியை அது பிடித்துக்கொள்ளும். பகல் ஐம்பது மணி நேரம் நீள்வதுபோல் தோன்றும். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதா என்று சூரியனைப் பார்க்கச் சொல்லும். யாராவது வருகிறார்களா என்று வாசலை எட்டிப் பார்க்கச் சொல்லும். இந்த இடம் சரியில்லை, வேறு இடம் போனால் நன்றாக இருக்கும் என்று காதில் ஓதும்.

இதைப் படித்தபோது ரயிலில் இருந்தேன். தலை நிமிர்ந்து பார்த்தால் பெட்டி முழுக்க வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாராவது வந்தார்களா, ஏதாவது வந்ததா என்று. நானும்தான்.

அவர் சொன்ன மருந்து, இருந்த இடத்திலேயே பொறுத்திரு என்பது. ஆசீர்வாதப்பரின் துறவிகள் தரும் வார்த்தைப்பாட்டில் 'நிலைத்திருத்தல்' என்று ஒன்று இருக்கிறது. சேர்ந்த மடத்திலேயே சாகும்வரை இருப்பேன் என்பது. வேலையும் வீடும் மாறிக்கொண்டே இருக்கும் நமக்கு அது முடியாது. சாப்பிடும் இருபது நிமிடம் சாப்பாட்டு மேசையில் நிலைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் ஏழு மணி ஜெபத்திலிருந்து சாப்பாடு முடியும்வரை எல்லாக் கைப்பேசியும் அரிசிப் பானைமேல் இருக்கும். என் கணவருடையதும்.

ஏழ்மை என்றால் பொருளைக் குறைப்பதா?

குறைத்தால் நல்லது. 55ஆம் அதிகாரப்படி ஒரு துறவிக்கு இரண்டு அங்கி, இரண்டு மேலாடை. புதியது வாங்கும்போது பழையதை ஏழைகளுக்காகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் தேக்காவில் துணி எடுக்கும்போது இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டாலே அலமாரி மூடும்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது 31ஆம் அதிகாரம். மடத்துப் பண்டகசாலையைப் பார்ப்பவர் அங்கே உள்ள எல்லாப் பாத்திரங்களையும் பீடத்தின் புனிதப் பாத்திரங்களாகக் கருத வேண்டும் என்கிறது. குருவானவர் திருப்பலிக்குப் பிறகு கிண்ணத்தைத் துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே விரலைவிட்டு, துணியால் சுற்றி, மெதுவாக. என் இட்லித் தட்டை நான் அப்படியா கழுவுகிறேன்? அம்மா கொடுத்த பழைய தட்டு அது. குழிகளின் ஓட்டையில் மாவு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் 'ஸ்க்ரப்'பால் வறட்டுவறட்டென்று தேய்ப்பேன். இப்போது தண்ணீரில் ஊறவிட்டு, ஓட்டை ஓட்டையாக ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எடுக்கிறேன். கூடுதலாக நான்கு நிமிடம். அந்த நேரத்தில் அம்மாவுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பரிலிருந்து கட்டாயமானது. அபராதத்துக்குப் பயந்து வைக்கலாம். சமையல் முறை முடிந்த துறவி, பாத்திரங்களைச் சுத்தமாகவும் உடையாமலும் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று 35ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நான் தட்டை வைக்கும்போது, அதை எடுத்துக் கழுவப்போகும் அந்த முதியவரின் கையை நினைத்துக்கொண்டு எலும்பையும் காகிதத்தையும் ஒரே கிண்ணத்தில் ஒதுக்கி வைக்கிறேன்.

அதே அதிகாரத்தில் இன்னொரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பரிமாறுகிறவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன்பே கொஞ்சம் ரொட்டியும் பானமும் கொடுத்துவிடச் சொல்கிறார், முணுமுணுக்காமல் பரிமாறுவதற்காக. பசியோடு சமைத்துப் போட்டுவிட்டு எல்லார்மேலும் எரிந்து விழும் அம்மாக்களே, முதலில் இரண்டு பிஸ்கட் சாப்பிடுங்கள். ஆசீர்வாதப்பரே அனுமதி கொடுத்திருக்கிறார்.

வீட்டில் பணிப்பெண் இருக்கிறார். அவரிடம் வேலையை விட்டுவிட்டு நான் ஜெபம் செய்யலாமா?

அவருக்கு ஓய்வு நாள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்டாமல் ஓய்வாகவே விட வேண்டும் என்பது சட்டம். சட்டம் சொல்வது குறைந்த அளவு. வாரம் ஒருநாள் கொடுங்கள். நம் வீட்டில் ஒருவர் ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்க, நாம் மட்டும் மெழுகுவத்தி ஏற்றி உட்காருவதை என்னால் ஜெபம் என்று சொல்ல முடியாது. மணி அடித்தால் அவர் கையில் இருப்பதையும் அவர் வைக்கட்டும். மடத்தில் சமையல் எல்லாருக்கும் முறை வைத்து வந்தது.

விருந்தாளிகள் வந்தால் நேரம் கெட்டுப்போகிறதே?

கெடட்டும். வருகிறவர் யாராயினும் கிறிஸ்துவையே வரவேற்பதுபோல் வரவேற்கச் சொல்கிறது 53ஆம் அதிகாரம். விருந்தாளிக்காக மடத்துத் தலைவர் தன் நோன்பையே முறித்துக்கொள்ளலாம். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் வாயிற்காப்பவர் சொல்ல வேண்டியது "இறைவனுக்கு நன்றி". பார்சல் கொண்டுவரும் தம்பிக்குக் கதவைத் திறக்கும்போது நான் அதை மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். ஒரு குவளை தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கிறேன். பத்தில் இரண்டு பேர் வாங்கிக் குடிக்கிறார்கள்.

நான் இந்து. இதெல்லாம் எனக்கு ஒத்துவருமா?

உங்களுக்குத் தெரியாத ஒரு கதை சொல்கிறேன். 1950களின் நடுவில் ஜான் மெயின் என்ற ஒருவர் மலாயாவில் ஆங்கிலேய அரசின் பணியில் இருந்தார். வேலை நிமித்தமாகக் கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவிய சுவாமி சத்தியானந்தாவைப் பார்க்கப் போனார். ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்துவந்த துறவி அவர். பேச்சு ஜெபத்தின் பக்கம் திரும்பியது. காலையும் மாலையும் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்து ஒரே ஒரு சொல்லை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று சுவாமி கற்றுக்கொடுத்தார். கிறிஸ்தவராகவே இருந்து, கிறிஸ்தவச் சொல்லையே எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். ஜான் மெயின் பிறகு லண்டனில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியானார். அதே வழி பழைய பாலைவனத் துறவிகளின் போதனையிலும் இருப்பதைக் கண்டுபிடித்து, 1975இலிருந்து சாதாரண மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இன்று பல நாடுகளில் கிறிஸ்தவத் தியானக் குழுக்கள் அந்த வழியில் நடக்கின்றன, இங்கேயும்தான். நம் பக்கத்து நாட்டு இந்துத் துறவி ஒருவர் தந்ததை நாங்கள் உபயோகிக்கிறோம். எங்களிடம் இருப்பதை நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடாதா?

தமிழ்நாட்டிலும் குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சாந்திவனம் இருக்கிறது. 1950இல் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கிய ஆசிரமம். காவி உடை, தரையில் உட்கார்ந்து சாப்பாடு. ஊருக்குப் போகும்போது ஒருநாள் தங்கிப் பாருங்கள்.

பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தலாமா?

நான் செய்து பார்த்து வருந்தினேன். மகள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வருடம் அவளை ஏழு மணிக்கு இழுத்து உட்காரவைத்தேன். அவளுக்கு அது இன்னொரு துணைப்பாட வகுப்பாகிவிட்டது. முக்கியமான விஷயங்களில் எல்லாரையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கச் சொல்கிறது 3ஆம் அதிகாரம். நல்ல யோசனையை ஆண்டவர் பெரும்பாலும் இளையவருக்குத்தான் வெளிப்படுத்துகிறார் என்கிறது. கேட்டேன். "அம்மா, அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரேன், ஆனா எதுவும் சொல்லச் சொல்லாதீங்க" என்றாள். இப்போதும் அப்படித்தான் உட்காருகிறாள்.

முறைப்படி ஒரு மடத்தோடு சேர வழி உண்டா?

உண்டு. இல்லறத்தில் இருந்தபடியே ஒரு மடத்தோடு தன்னை இணைத்துக்கொள்ளும் வழக்கம் ஆசீர்வாதப்பர் சபையில் பழங்காலத்திலிருந்தே இருக்கிறது. பெரும்பாலும் ஓராண்டு தயாரிப்பு, அப்புறம் ஒரு வாக்குறுதி. நியூயார்க்கில் பசித்தவர்களுக்கு விருந்தில்லம் நடத்திய டோரதி டே 1955இல் அப்படி இணைந்தவர்தான். அவரும் ஒரு பிள்ளையை வளர்த்த தாய். எதற்கும் ஒரு வருடம் வீட்டில் செய்து பார்த்துவிட்டுச் சேருங்கள்.

சிங்கப்பூரில் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார எங்கே போகலாம்?

புக்கிட் தெரேசா ரோட்டில் கார்மேல் சபைக் கன்னியர் மடம் இருக்கிறது. மடத்து வளாகத்துக்குள்ளேயே வாழும் அடைபட்ட துறவியர் அவர்கள். பார்ட்லி ரோட்டில் ராமகிருஷ்ணா மிஷனின் ஆலயம். பெளத்தர்களுக்கு செயின்ட் மைக்கேல்ஸ் ரோட்டில் ஸ்ரீலங்காராமயா விகாரை. எங்கும் போக நேரமில்லை என்றால் உங்கள் புளோக் கீழ்த்தளத்துக் கல் இருக்கையே போதும். காலை ஆறு மணிக்கு அங்கே துடைப்பச் சத்தம் மட்டும்தான்.

நடுவில் விட்டுப்போனால் மறுபடி எப்படித் தொடங்குவது?

போன வருடம் என் கணவருக்கு இதயச் சிகிச்சை நடந்தது. மூன்று வாரம் நான் எந்த மணிக்கும் எழவில்லை. மருத்துவமனை, வீடு, அத்தை, அலுவலகம். கைப்பேசி ஏழு மணிக்கு அடிக்கும், அணைத்துவிடுவேன். கடைசியில் எரிச்சலில் அந்த மணியையே எடுத்துவிட்டேன்.

43ஆம் அதிகாரம் தாமதமாக வருகிறவர்களைப் பற்றியும் பேசுகிறது. விடியுமுன் எழுந்து சொல்லும் ஜெபத்தில் 'வாருங்கள்' என்று அழைக்கும் 95ஆம் திருப்பாடலை வேண்டுமென்றே இழுத்து, மெதுவாகச் சொல்ல வேண்டும். எழுந்திருக்கத் தாமதமானவர்கள் அதற்குள் வந்து சேர்ந்துவிடட்டும் என்பதற்காக. அப்படியும் தாமதமானால் வெளியே நிறுத்தக்கூடாது, தனி இடத்தில் என்றாலும் உள்ளேதான் நிற்க வேண்டும். வெளியே விட்டால் போய்த் தூங்கிவிடுவார், அல்லது உட்கார்ந்து வம்பு பேசுவார், அதைவிட உள்ளே வந்து மிச்சத்தையாவது பெறட்டும் என்று எழுதியிருக்கிறார்.

கணவர் வீடு திரும்பிய நான்காம் நாள் மாலை, சூப்புக்காகக் கேரட் வெட்டிக்கொண்டிருந்தேன். மணி இல்லை. ஏழடித்திருக்கும் என்று தோன்றியது. கத்தியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து அந்தத் திருப்பாடலை எடுத்தேன். குரல் வரவில்லை, அதனால் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். இரண்டாவது வரிக்கு அத்தை தன் நாற்காலியிலிருந்து என்னோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார். சிறுவயதில் படித்த பழைய மொழிபெயர்ப்பில், என்னைவிட இரண்டு வார்த்தை பின்னால். அவர் வந்து சேரும்வரை ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று போனேன்.